பிள்ளைகளோடும் பாட்டா பாட்டியோடும் மாலத்தீவு: ரிசார்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடலைப் பார்க்கக் குமரி மாவட்டத்துக்காரர் விமானம் ஏற வேண்டியதில்லை. முட்டம் பாறைமேல் நின்றால் போதும், சொத்தவிளை மணலில் உட்கார்ந்தால் போதும். ஆனால் நம் கடலில் பிள்ளைகளை நம்பி இறக்கிவிட முடியாது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் என்னும் திடீர் அலையெழுச்சிக்கு எச்சரிக்கை இருந்த நாள் அது. கரையோரம் வளர்ந்தவர்களே காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பும் கடல் நம்முடையது.

மாலத்தீவில் பல தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டு இருக்கிறது. அது அலையைத் தூரத்திலேயே உடைத்துவிடும். அதற்கு உள்ளே, லகூன் என்று சொல்லும் பரப்பில், இடுப்பளவுத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்து இறங்கி நிற்கலாம். நம் ஊரிலிருந்து காசு செலவழித்து அங்கே போவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இது ஒன்றுதான். ஆனால் எல்லா ரிசார்ட்டிலும் இந்த லகூன் இருக்காது. சிலவற்றில் படியிறங்கினால் ஆழக்கடல். அதனால் தேடும்போது முதலில் தண்ணீரைப் பாருங்கள். அறையும் நீச்சல்குளமும் அப்புறம்.

அந்தமானும் லட்சத்தீவும் வேண்டாமா என்று கேட்பீர்கள். அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், ஆனால் தீவிலிருந்து தீவுக்குப் படகு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். லட்சத்தீவுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும், தங்குமிடமும் குறைவு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்கு நேரடி விமானம் கிடைக்கும் நாளில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சென்னைக்கு ரயிலில் போகும் நேரத்தில் பாதிகூட ஆகாது. நேரடி விமானம் எல்லா நாளும் இருக்காது. எனவே விமானம் இருக்கும் கிழமைகளைப் பார்த்துவிட்டு, அதற்கேற்பத் தங்கும் நாட்களை முடிவு செய்யுங்கள். அறையை முதலில் பதிவு செய்துவிட்டு விமானத்தைத் தேடினால் கொழும்பு வழியாகவோ பெங்களூரு வழியாகவோ சுற்ற வேண்டி வரலாம்.

எந்த மாதம்

அங்கும் நம்மைப் போலவே இரண்டு பருவக்காற்று. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பொதுவாக வறண்ட காலம். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று தொடங்கினால் அக்டோபர், நவம்பர் வரை மழையும் காற்றும் வந்து வந்து போகும். நாள் முழுக்க அடைமழை என்று நினைக்க வேண்டாம். ஆனால் கடல் கலங்கும், படகு குலுங்கும்.

நம் பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பார்த்தால், முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் போய்விடுவது நல்லது. மே கடைசி வரை தள்ளினால் மழையில் மாட்டும் வாய்ப்பு அதிகம். பொங்கல் விடுமுறையில் வானிலை அருமை, நாட்கள்தான் குறைவு. காலாண்டு விடுமுறையில் அறை மலிவாகக் கிடைக்கும், வானம் எப்படி இருக்கும் என்பது அதிர்ஷ்டம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலை உச்சத்தில் இருக்கும். அதோடு டிசம்பர் 24, 31 இரவுகளில் பல ரிசார்ட்டுகள் சிறப்பு விருந்துக்கென்று ஒரு கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கும். நீங்கள் சாப்பிடாவிட்டாலும் அது உண்டு. நம் மாவட்டத்தில் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இல்லாமல் எங்கேயாவது போகலாம் என்று அம்மா சம்மதிப்பாரா என்பது வேறு கேள்வி.

தீவின் எந்தப் பக்கம் என்பதையும் மாதத்தோடு சேர்த்துப் பாருங்கள். நம் மாவட்டத்திலேயே மீன்பிடித் தடைக்காலம் இரண்டு உண்டு: கிழக்குக் கரையான சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையான குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆனி, ஆடியில் மேற்குக் கரை சீறிக்கொண்டிருக்கும்போது சின்னமுட்டம் பக்கம் சற்று அடங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாலத்தீவிலும் அதே கதைதான். மே முதல் அக்டோபர் வரை தீவின் மேற்கு, தென்மேற்கு முகம் காற்றை வாங்கும். ‘சன்செட் வில்லா’ என்று கூடுதல் காசுக்கு விற்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான். பிள்ளைகளோடு அந்த மாதங்களில் போகிறவர்கள் சூரிய அஸ்தமனத்தைக் கன்னியாகுமரியில் பார்த்துக்கொண்டு, அங்கே கிழக்குப் பக்க அறையைக் கேளுங்கள். விலையும் குறைவு.

மாலேயிலிருந்து தீவுக்கு எதில்

புதிதாகப் போகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. ஒரு தீவில் ஒரு ரிசார்ட் என்பதுதான் அங்குள்ள வழக்கம். 1972இல் திறந்த முதல் ரிசார்ட்டான குரும்பா தொடங்கி இன்றுவரை அப்படித்தான். விமான நிலையமும் தனித் தீவில் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் தீவுக்குப் போகும் செலவு அறை வாடகையில் சேராது.

வழிகள் மூன்று. வடக்கு மாலே, தெற்கு மாலே பவளத்தீவுக் கூட்டங்களில் உள்ள ரிசார்ட்டுகளுக்கு ஸ்பீட்போட்டில் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். தூரத் தீவுகளுக்கு சீப்ளேன் என்ற கடல்விமானம். இன்னும் தூரம் என்றால் உள்நாட்டு விமானத்தில் போய் அங்கிருந்து படகு.

சீப்ளேனிலிருந்து பார்க்கும் காட்சி பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் அது பகலில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்று, மூன்றரைக்குள் மாலேயில் இறங்காவிட்டால் அன்றைக்குக் கிடைக்காது. விமான நிலையத்தை அடுத்துள்ள ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்கிப் போக வேண்டும். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோதான் பொதுவான அளவு. உள்ளே கழிவறை கிடையாது, இரைச்சல் அதிகம், வழியில் வேறு ரிசார்ட்டுகளிலும் இறக்கி ஏற்றும். போய்வர ஆளுக்கு 400 முதல் 600 டாலர் வரை கேட்பது சாதாரணம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பாதி. மூன்று நான்கு இரவுக்குப் போகும் குடும்பம் அதற்கு இவ்வளவு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. முதல் தடவைக்கு, முக்கால் மணி நேரத்துக்குள் ஸ்பீட்போட்டில் போகக்கூடிய தீவையே பாருங்கள்.

ஸ்பீட்போட்டிலும் ஒன்று உண்டு. காற்றுள்ள நாளில் படகு அலைமேல் தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலி உள்ள பாட்டா, கர்ப்பிணி, கைக்குழந்தை யாராவது இருந்தால் இருபது நிமிடத்துக்குள் உள்ள தீவு, இல்லையென்றால் உள்நாட்டு விமானத்தில் போகும் தீவு. வீட்டில் யாருக்கு அதிகம் முடியாதோ அவரை மனதில் வைத்து இந்த முடிவை எடுங்கள். மற்றவர்கள் எதிலும் போய்விடுவார்கள்.

தீவை மேலிருந்து பாருங்கள்

ரிசார்ட்டின் இணையதளத்தில் இருக்கும் படங்கள் எல்லாத் தீவுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: தொங்கும் ஊஞ்சல், நீலத் தண்ணீர், மிதக்கும் காலை உணவுத் தட்டு. அதை மூடிவிட்டு கூகுள் மேப்பில் தீவின் பெயரைத் தட்டி, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள். பத்து நிமிடம் அதில் செலவழித்தால், நூறு விமர்சனம் படிப்பதைவிட அதிகம் தெரியும்.

கரையை ஒட்டி வெளிர்நீலமாக, பால் கலந்த நிறத்தில் அகலமாகத் தெரிவது மணல் அடியுள்ள ஆழமற்ற லகூன். பிள்ளைகளுக்கு வேண்டியது அது. பழுப்பும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பவளம் அல்லது கடற்புல். கால் வைத்து நடக்க வசதிப்படாது. திடீரென்று கருநீலமாக மாறும் கோடுதான் பவளத்திட்டின் விளிம்பு, அதற்கு அப்பால் ஆழம். அந்தக் கோடு கரைக்கு மிக அருகில் இருந்தால் கண்ணாடி போட்டு மீன் பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம், நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு ஆகாது. இரண்டும் வேண்டுமென்றால், ஒரு பக்கம் அகன்ற வெளிர்நீலமும் மறுபக்கம் அருகிலேயே விளிம்பும் உள்ள தீவு கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்கும்.

கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கல் குவித்த கோடுகள் தெரிந்தால் அவை அலைத்தடுப்புகள். நம் கரையில் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். அந்தப் பக்கத்து மணல் அரிக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் அமைதியாக இருக்கும், ஆனால் விளம்பரப் படத்தில் உள்ள கடற்கரை இருக்காது. பக்கத்திலேயே வேறு தீவில் கட்டுமானம் நடக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பழகுவதற்குக் குராமதி தீவை எடுத்துக்கொள்ளலாம். ஒரு முனையில் நீளமான மணல்திட்டு வால்போல ஓடுவதையும், நிறங்கள் மாறுவதையும் அதில் தெளிவாகப் பார்க்கலாம். தீவின் நீளம் சுமார் 1.8 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய தீவில் உணவகத்துக்கும் அறைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்காமல் பாட்டியை அழைத்துப் போகக் கூடாது. பேட்டரி வண்டி எப்போது கூப்பிட்டாலும் வருமா, குறித்த நேரத்துக்குத்தான் வருமா என்பது வரை கேளுங்கள். சின்னத் தீவில் இந்தக் கவலை இல்லை. ஆனால் மூன்றாம் நாள் பிள்ளைகளுக்குப் போரடிக்கும்.

அறை

தண்ணீர்மேல் கால் ஊன்றி நிற்கும் வாட்டர் வில்லாவைத்தான் எல்லோரும் கற்பனை செய்துகொண்டு போகிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு வேண்டவே வேண்டாம். அறைக் கதவைத் திறந்தால் மரத்தளம், தளத்திலிருந்து கடலுக்குப் படி, பல இடங்களில் தடுப்பே கிடையாது. ஒரு கண் அசந்தால் போச்சு. பல ரிசார்ட்டுகள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே, சில இடங்களில் 12 வயதுக்குக் கீழே, பிள்ளைகளை அதில் அனுமதிப்பதும் இல்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்று நடத்தும் ரிசார்ட்டுகளும் உண்டு, பதிவு செய்யும் முன் அதைப் பாருங்கள். பீச் வில்லா போதும். கதவைத் திறந்தால் மணல்.

மூன்று தலைமுறை சேர்ந்து போனால் இரண்டு படுக்கையறை வில்லாவின் விலையையும், அடுத்தடுத்த இரண்டு பீச் வில்லாக்களின் விலையையும் ஒப்பிடுங்கள். பின்னது பல சமயம் மலிவு. ‘அடுத்தடுத்து’ என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். சொல்லி வைத்தேன் என்றால் போதாது.

சாப்பாடு

மது குடிக்காத குடும்பத்துக்கு ‘ஆல் இன்க்ளூசிவ்’ பெரும்பாலும் நட்டம். அதன் விலையில் கணிசமான பங்கு பானத்துக்குத்தான். காலை உணவு மட்டும் சேர்ந்த திட்டமும் ஆபத்து. தீவில் வேறு கடையே கிடையாது, மதியம் ஒரு சாதாரணச் சாப்பாடும் டாலரில் கனக்கும். மூன்று வேளையும் சேர்ந்த ‘ஃபுல் போர்டு’ நமக்குச் சரிவரும். குடிநீர் அதில் சேருமா என்று கேட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோரின் திட்டப்படியே இலவசச் சாப்பாடு என்று பல இடங்களில் சலுகை உண்டு. எத்தனை வயது வரை, எந்த உணவகத்தில் என்பதில்தான் வேறுபாடு.

மீன் பிரியர்களுக்குக் குறையில்லை. அந்த நாடே சூரை மீனில் வாழ்கிறது. தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோடு சூரையைப் பிசைந்து ரொட்டியோடு தரும் மாஸ் ஹுனி காலையில் கிடைத்தால் விடாதீர்கள். நம் நாக்குக்கு உடனே ஒட்டும். நம் ஊர் மீன்குழம்பான புளிமுளத்தை எதிர்பார்க்க வேண்டாம். பஃபே உள்ள ரிசார்ட்டுகளில் சோறும் பருப்பும் ஏதோ ஒரு இந்தியக் குழம்பும் பெரும்பாலும் இருக்கும். சுத்த சைவக்காரர் இருந்தால் முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள்.

உண்மையான விலை

விளம்பர விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதன்மேல் சுற்றுலா வரி 17 சதவீதம் என்று அதற்கு அர்த்தம். வரி 2025 ஜூலையிலிருந்து இந்த அளவு. இது போகப் பசுமை வரி: 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஆளுக்கு, இரவுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவுக்கு 300 டாலர் அறை, நான்கு இரவு, இரண்டு பெரியவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். விளம்பரப்படி 1,200 டாலர். சேவைக் கட்டணத்தோடு 1,320. வரியோடு 1,544. பசுமை வரி 192. ஸ்பீட்போட் பெரியவருக்கு 150, பிள்ளைக்கு 75 என்று வைத்தால் 450. மொத்தம் கிட்டத்தட்ட 2,190. சாப்பாடு இன்னும் சேரவில்லை. இதே தீவு சீப்ளேன் தூரத்தில் இருந்து, பெரியவருக்கு 500, பிள்ளைக்கு 250 என்றால் 3,200ஐத் தாண்டும். ஆகவே எந்த முகவரிடம் கேட்டாலும், எந்த இணையதளத்தில் பார்த்தாலும், இந்தச் செலவுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி மொத்தத்தை ஒப்பிடுங்கள். அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டால் மலிவானது எது என்று தெரியவே தெரியாது. முகவர் வழியாகத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்ற முன்வரியைப் பிடிப்பார்கள். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இந்தத் தொகை கட்டுப்படியாகாவிட்டால் மக்கள் வாழும் தீவுகளில் விடுதிகள் இருக்கின்றன: மாஃபுஷி, திகுரா, உகுல்ஹாஸ் போல. விலை பல மடங்கு குறைவு; ஐம்பது அறைக்குக் குறைந்த விடுதியில் பசுமை வரியும் 6 டாலர்தான். கடைத்தெரு, பள்ளிவாசல், தேநீர்க்கடை என்று ஊர் இருக்கும். நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடங்களில் உடை அடக்கமாக இருக்க வேண்டும். மது கிடையாது. நம் குடும்பங்களுக்கு இதில் எதுவும் சிரமம் இல்லை. உண்மையில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு நாள் மட்டும் அனுமதிச்சீட்டு வாங்கிப் பக்கத்து ரிசார்ட்டுக்குப் போய்வரலாம். கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் ரிசார்ட்தான் வசதி.

பணம் கட்டும் முன் எழுதிக் கேட்க வேண்டியவை

கடற்கரையில் உயிர்காப்பாளர் உண்டா, நீச்சல்குளத்துக்கு மட்டுமா? படகில் பிள்ளைகள் அளவுக்கு உயிர்காப்பு உடை இருக்கிறதா? தீவிலேயே மருத்துவர் இருக்கிறாரா? பெரிய சிகிச்சைக்கு மாலேயில் உள்ள இந்திரா காந்தி நினைவு மருத்துவமனைக்குத்தான் வர வேண்டியிருக்கும், இரவில் அதற்குப் படகு உண்டா? குழந்தைகள் மன்றத்தில் (கிட்ஸ் கிளப்) எந்த வயதிலிருந்து பெற்றோர் இல்லாமல் விடலாம்? ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்?

பதில் எப்படி வருகிறது என்பதே ஒரு தேர்வு. கேட்ட ஆறுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதும் இடத்தை நம்பலாம். ‘கவலை வேண்டாம், எல்லாம் இருக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்தால் அடுத்த தீவைப் பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு. நம் பக்கத்திலிருந்து ஆசிரியராக, செவிலியராக, ரிசார்ட் ஊழியராக அங்கே வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உறவிலோ பள்ளியிலோ கோயில், சர்ச் வட்டத்திலோ விசாரித்தால் ஒருவர் அகப்படுவார். எந்தத் தீவில் மணல் போய்விட்டது, எங்கே சமையல் சரியில்லை என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த முகவருக்கும் தெரியாது.

கிளம்பும்போது

இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். இறங்கியதும் இலவசமாக அனுமதி தருவார்கள். தங்குமிடப் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் காட்ட வேண்டும், அச்சடித்துக் கையில் வையுங்கள். பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டில் காலாவதியாகிவிடும் என்பதால் தேதியை இப்போதே பாருங்கள், ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற இணையப் படிவத்தை ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல.

வண்டி ஓட்டுபவரிடம் திருவனந்தபுரத்தில் சாக்கைப் பக்கமுள்ள சர்வதேச முனையம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சங்குமுகம் பக்கம் போனால் சுற்ற வேண்டும். மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் போக்குவரத்து என்ன செய்யும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெட்டியில் முழுக்கை நீச்சல் சட்டை, தொப்பி, பவளத்தில் கால் கிழியாமல் இருக்க ரப்பர் செருப்பு. அங்கே வெயில் நம் ஊரைவிடச் சுள்ளென்று இறங்கும். பதினொன்று முதல் மூன்று மணி வரை பிள்ளைகளை நிழலில் வையுங்கள். பெரியவர்களின் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மதுவும் பன்றி இறைச்சிப் பொருட்களும் இ-சிகரெட்டும் கொண்டுபோகக் கூடாது. திருவனந்தபுரம் வரியில்லாக் கடையில் வாங்கிய பாட்டிலும் அதில் அடங்கும். வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை உண்டு. பாட்டியின் பைக்குள் எப்போதும் கிடக்கும் சின்னப் பிள்ளையாரையோ மாதா சொரூபத்தையோ கிளம்பும் முன் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். திரும்பும்போது பிள்ளைகளின் பைகளையும் ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். பவளத் துண்டு கொண்டுவருவது அங்கே குற்றம், கரையில் பொறுக்கியதானாலும் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.